கெடிலக்கரை முதல் தில்லைவனம் வரை

தமிழகத்தின் கீழைக் கடற்கரையில், தென்பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே கிடக்கும் நிலப்பகுதி, பரப்பால் சிறியது, பழமையால் பெரியது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் இப்பகுதியில் கடலை நாடி வருகின்றன. ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்ததனால் கூடலூர் எனப் பெயர் பெற்ற ஊரே பிற்காலத்தில் கடலூர் என மருவிற்று என்பர். தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் நெடுங்காலம் விளங்கிய இவ்வூர், அம்மாவட்டம் 1993ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பின்னரும் தென்பகுதிக்குத் தலைநகராய் இருந்து வருகின்றது. இதற்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் தில்லை என்னும் சிதம்பரம் உள்ளது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலும் அருகிலும் கோட்டை, கோயில், ஏரி, துறைமுகம், காடு எனக் காணத்தக்கவை பல உள. விரைவு வண்டியில் ஒரே நாளில் இவற்றைப் பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்புவோர் உண்டு. அவர்கள் ஊர்ப்பெயர்ப் பலகைகளையே பார்த்தவராவர்.

கடலூரில் முதலில் காணவேண்டியது, இன்று காண்பதற்கு அதிகம் எஞ்சியிராத ஓர் இடமாகும். தேவனாம்பட்டினக் கடற்கரையை அடுத்து, கெடிலத்தின் கரையில், இடிந்த சுவர்களும் செங்கற் குவியல்களும் மரஞ்செடிகளுக்கிடையே கிடக்கின்றன. புனித தாவீது கோட்டை எனப் பெயர் பெற்றிருந்த ஆங்கிலேயர் கோட்டையின் எச்சங்கள் அவை. சென்னைக் கோட்டையைச் சென்று காண்போரில் நூற்றுக்கு ஒருவரேனும் இதனைக் கேள்வியுற்றிருப்பாரோ என்பது ஐயமே. ஆயினும் ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் தென்னாட்டு ஆட்சி முழுவதும் இக்கோட்டையிலிருந்தே நடைபெற்றது.

இக்கோட்டை கைமாறிய வரலாறு வியப்புக்குரியது. 1690ஆம் ஆண்டில் செஞ்சியில் இருந்து அரசாண்டவர் மராட்டிய மன்னர் இராசாராம், சிவாசியின் மைந்தர். முகலாயப் படை நெருங்கி வந்துகொண்டிருந்த வேளையில் அவருக்குப் பொருள் வேண்டியிருந்தது. அப்போது சென்னையில் ஆங்கிலக் கும்பினியின் தலைவராய் இருந்தவர் எலிகு யேல். அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் இவர் பெயரையே தாங்கி நின்றது. தேவனாம்பட்டினக் கோட்டையை இவர் விலைக்கு வாங்கினார். கோட்டையுடன் அதனைச் சூழ்ந்த நிலமும் விற்கப்பட்டது. அந்நிலத்திற்கு எல்லை குறித்த முறைதான் புதுமையானது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எத்துணைத் தொலைவு சென்று விழுமோ, அத்துணைத் தொலைவும் வாங்கியவர்க்கு உரியது என்பது உடன்பாடு. ஆங்கிலேயர் அவ்வுடன்பாட்டைச் சோம்பலின்றிப் பயன்படுத்தினர். நெடுந்தொலைவு சுடவல்ல பீரங்கியைத் தேர்ந்து பல திசைகளிலும் சுட்டனர். குண்டுகள் விழுந்த இடங்கள் எல்லைகளாயின. கடலூர் நகரும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அவ்வட்டத்திற்குள் அகப்பட்டன. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. வயலில் உழுதுகொண்டிருந்த குடியானவர்கள், தலைக்கு மேல் ஒரு குண்டு பறந்து சென்றதனால் தங்கள் அரசு மாறிவிட்டதென்பதை எப்போது அறிந்தனரோ, அதனை எழுதி வைத்தவர் எவருமிலர்.

1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயருக்குத் தென்னாட்டில் புகலிடமாய் எஞ்சியது கடலூர்க் கோட்டையே. இராபர்ட்டு கிளைவு என்னும் இளம் எழுத்தர், சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இங்கு வந்து சேர்ந்தார். எழுதுகோலை விடுத்துப் படைக்கலம் ஏந்தியதும் இங்கேதான். 1752ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் தலைமையிடம் இதுவே. பத்தாண்டுகள் கழித்து 1756இல் அதே கிளைவு இக்கோட்டையின் தலைவராகவே திரும்பி வந்தார். ஆனால் கோட்டையின் வாழ்வு முடியும் காலம் நெருங்கியிருந்தது. 1758ஆம் ஆண்டில் இலாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி இதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார்.

கடலூரின் போர்க்கதை அத்துடன் முடியவில்லை. 1783ஆம் ஆண்டு சூன் திங்களில் இங்கு நிலத்திலும் நீரிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். சூன் 20ஆம் நாள் கடலூருக்கு எதிரே கடலில் சுபிரன் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்களும் இயூசு என்னும் ஆங்கிலத் தளபதியின் கப்பல்களும் மோதின. அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சு நாடு அமெரிக்கர் பக்கம் நின்றமையால் விளைந்த போர் இது. அப்பெரும் போரின் கடைசிச் சண்டைகளுள் ஒன்று, தமிழ்நாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்தது. இதில் மிக இரங்கத்தக்க செய்தி வேறொன்று. அவ்வாண்டு சனவரி 20ஆம் நாளிலேயே ஐரோப்பாவில் அமைதி உடன்பாட்டின் முதற்படி கையெழுத்தாகி விட்டது. அச்செய்தியைச் சுமந்த கப்பல் கடல் கடந்து வருவதற்குள், சரியாக ஐந்து திங்கள் கழித்து, முடிந்துபோன ஒரு போருக்காக இக்கடலில் மனிதர் மடிந்தனர்.

கோட்டையைக் கடந்து நகருக்குள் வருவோர் திருப்பாதிரிப்புலியூரை அடைவர். பாதிரி மரத்தால் பெயர் பெற்ற இவ்வூரில் பாடலீசுவரர் கோயில் உள்ளது. பண்டு இவ்வூர் பாடலிகம் எனவும் பாடலிபுத்திரம் எனவும் வழங்கிற்று. இங்கு சமண முனிவர்களின் பெரும்பள்ளி ஒன்று இருந்தது. உலகின் அமைப்பைக் கூறும் உலோகவிபாகம் என்னும் நூலைச் சர்வநந்தி என்னும் முனிவர் பாடலிகத்தில் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், எழுதி முடித்தார். காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்ட 22ஆம் ஆண்டு அது எனவும் அந்நூல் குறிக்கின்றது. பல்லவர் காலத்தை வரையறுக்க முயன்ற வரலாற்று ஆசிரியர்களுக்கு, மன்னன் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக் கூறும் இக்குறிப்பு இருளில் கிடைத்த விளக்குப் போன்றதாயிற்று. அச்சமணப் பள்ளியிலேயே மருள்நீக்கியார் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பூண்டிருந்தார். பின்னர்ச் சைவம் திரும்பித் திருநாவுக்கரசர் ஆனார். கல்லுடன் பிணித்துக் கடலில் எறியப்பட்ட அவர், அக்கல்லே தெப்பமாக மிதந்து கரையேறினார் எனப் பெரியபுராணம் கூறும். அவர் கரை சேர்ந்ததாகக் கருதப்படும் இடம் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர் பெற்றுள்ளது. ஒரு கதையை ஏட்டில் எழுதுவதைவிட ஊர்ப்பெயராக வைப்பது உறுதியான பதிவு போலும்.

கெடிலத்தின் கரையோடு மேற்கே சென்றால் திருவயிந்திரபுரம் வரும். திருவந்திபுரம் என மக்கள் வழங்கும் இவ்வூர்த் திருமால் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு, சோழப் பேரரசின் வீழ்ச்சியை நேரில் கண்டாற்போல் உரைக்கின்றது. மூன்றாம் இராசராச சோழனைக் காடவர் தலைவனாகிய கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைப்படுத்தியதையும், போசள மன்னன் நரசிம்மன் தன் படைத்தலைவர்களை ஏவிச் சோழனை மீட்டதையும் அதிற் காணலாம். இமயம் வரை புகழ் பரப்பிய மரபின் மன்னன் ஒருவன் தன் கீழிருந்த ஒரு தலைவனிடம் கைதியானதும், அவனை விடுவிக்க வேற்று நாட்டுப் படை வரவேண்டியிருந்ததும், பாடநூலில் ஒரு வரியாக முடிந்துவிடுகின்றன. ஆற்றங்கரையில் அக்கல்லின் முன் நின்று எண்ணுங்கால் அவற்றின் பொருள் விளங்கும். மேலும் மேற்கே, பண்ணுருட்டிக்கு அருகில் திருவதிகை வீரட்டானம் உள்ளது. சமணப் பள்ளியின் கற்களைக் கொண்டு பல்லவ மன்னன் குணபர ஈச்சுரம் என்னும் கோயில் எடுத்ததாகச் சேக்கிழார் குறிப்பிடுவது இவ்வூரிலேயே. பண்ணுருட்டியின் பலாவும் முந்திரியும் நாடறிந்தவை. 2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல், இவ்வட்டாரத்தில் தலைமுறைகள் வளர்த்த மரங்களை ஓரிரவில் வேரோடு சாய்த்தது. பலா மரம் காய்ப்பதற்கு ஆண்டுகள் பல வேண்டும் என்பதை அறிந்தோரே அவ்விழப்பை அளவிட வல்லவர்.

கடலூரிலிருந்து தென்மேற்கே வடலூர் உள்ளது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்க அடிகள், பசிப்பிணியைத் தீர்ப்பதே தலையாய அறம் எனக் கொண்டு, 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் இங்கே சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். அதற்கென 80 காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாது காக்கப்படுகின்றது. சாதியோ சமயமோ வினவாது வந்தோர்க்கெல்லாம் உணவு இடப்படுகின்றது. தருமச் சாலை தோன்றி ஒன்பது ஆண்டுகளே சென்றபின் 1876இல் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் பற்றியது என்பதை நினைப்போர்க்கு, அவ்வடுப்பு வெறும் வழிபாட்டுப் பொருளாகத் தோன்றாது. எண்கோண வடிவில் அமைந்த ஞானசபை 1872இல் எழுந்தது. தைப்பூச நாளில் ஏழு நிறத் திரைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, உள்ளே ஒளி காட்டப்படும்.

வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கின்றது. பரங்கியர் என மக்கள் அழைத்த போர்ச்சுக்கீசியரால் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத்துறை, எனப் பெயரிடப்பட்டது இது. முகமதிய வணிகர்கள் இதனை முகமது பந்தர் என்றனர். ஒரே ஊருக்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர். துறைமுகத்தின் பழைய வாழ்வுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1781ஆம் ஆண்டு சூலை முதல் நாள் ஐதர் அலியின் பெரும்படையை அயர் கூட்டு என்னும் ஆங்கிலத் தளபதி இவ்வூரருகில் வென்றார். 1830ஆம் ஆண்டில் இயீத்து என்னும் ஆங்கிலேயர், சேலத்து இரும்புக் கனிமத்தைக் கொணர்ந்து உருக்கும் ஆலை ஒன்றை இங்கு நிறுவினார். கனிமத்தை உருக்க மரக்கரி வேண்டும். மரக்கரிக்குக் காடு வேண்டும். காடுகள் சுருங்கச் சுருங்க ஆலையின் மூச்சும் தளர்ந்தது. அந்நூற்றாண்டிலேயே அது மறைந்தது. இன்று இவ்வூரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு நிலையம் அமைந்துள்ளது.

இனிச் சிதம்பரம். நெடுந்தொலைவிலேயே நான்கு கோபுரங்களும் தோன்றிவிடும். சமநிலமாகிய வயல்வெளியில் அவற்றை மறைப்பதற்கு ஒரு குன்றுகூட இல்லை. நாற்புறமும் அகன்ற வீதிகள்; அவற்றின் நடுவே நாற்பது ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் நடராசர் கோயில். ஏனைய சிவன் கோயில்களில் மூலவராய் விளங்குவது இலிங்கம்; இங்கோ ஆடும் கோலமே மூலவர். ஐம்பூதத் தலங்களுள் இது ஆகாயத்திற்கு உரியது. ஆகாயத்திற்கு உருவம் ஏது? ஆதலால் திரையொன்றை விலக்கிப் பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெறுவெளியைக் காட்டுவர். சிதம்பர இரகசியம் என்னும் தொடர் பேச்சு வழக்கில் எவ்வளவோ பொருளில் வழங்கினும், அதன் உட்பொருள் அவ்வெளியே.

சிற்றம்பலத்தின் கூரையைப் பொன்னால் வேய்ந்தவன் முதலாம் பராந்தக சோழன் எனச் செப்பேடுகள் புகழ்கின்றன. அதில் 21,600 பொன்னோடுகள் உள என்றும், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது என்றும் மரபு கூறும். மன்னர்கள் பலர் திருப்பணி செய்தனர். திருவந்திபுரக் கல்வெட்டில் சோழனைச் சிறை வைத்தவனாகத் தோன்றும் கோப்பெருஞ்சிங்கனே இங்குக் கோபுரத் திருப்பணியில் ஈடுபட்ட பத்தனாகவும் தோன்றுகின்றான். வரலாற்று மாந்தரை நல்லவர், தீயவர் என இரு கூறாக்கும் பழக்கம் உடையோர் இவ்விரண்டு கல்வெட்டுகளையும் அடுத்தடுத்துப் படித்தல் நன்று. வடக்குக் கோபுரம் விசயநகர மன்னர் கிருட்டிணதேவராயரின் கலிங்க வெற்றியோடு தொடர்புடையது. அதன் மாடமொன்றில் அவருடைய உருவச்சிலை நிற்கின்றது.

கோபுர வாயில்களைக் கடப்போர் பெரும்பாலும் விரைந்து உள்ளே சென்றுவிடுகின்றனர். வாயிலின் இருமருங்கும் நின்று நோக்குதல் வேண்டும். பரத முனிவர் நாட்டிய நூலில் கூறிய 108 கரணங்களும் அங்குச் சிற்பங்களாய் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. கரணமாவது கை, கால், உடல் ஆகியவற்றின் நிலையும் அசைவும் இணைந்த ஆடற்கூறு. தஞ்சைப் பெரிய கோயிலிலும் கரணச் சிற்பங்கள் உள; ஆனால் அவை 81 அளவிலேயே நின்றுவிட்டன. மீதிக்கென விட்ட கற்கள் இன்றும் உளிபடாமல் இருக்கின்றன. தில்லையிலோ தொகை நிறைவுற்றது. அதனினும் சிறப்பு, கிழக்குக் கோபுரத்தில் ஒவ்வொரு கரணத்திற்கும் உரிய நாட்டிய நூற் பாட்டு அருகே கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருப்பது. இதனால் கல்லையும் ஏட்டையும் ஒப்பிட்டு மறந்துபோன ஆடல் நிலைகளை அறிஞர் மீட்டெடுக்க முடிந்தது. தில்லைக் கூத்தனின் புகழ் இன்று கடல் கடந்தும் சென்றுள்ளது. அணுவின் உட்கூறுகளை ஆராயும் சுவிட்சர்லாந்து நாட்டுச் செனீவா நகர ஆய்வு நிலையத்தின் முற்றத்தில், 2004ஆம் ஆண்டில் இந்தியா அளித்த நடராசர் திருவுருவம் நிற்கின்றது.

ஆடல்வல்லான் தில்லையை விட்டு நீங்கியிருந்த காலமும் உண்டு. படையெடுப்பின் அச்சத்தால் 1648ஆம் ஆண்டில் திருவுருவம் மறைவாக எடுத்துச் செல்லப்பட்டுக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் வைத்துக் காக்கப்பட்டது; 1686ஆம் ஆண்டில்தான் மீண்டும் தில்லைக்கு எழுந்தருளியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக்கும் மேலான காலம். அதற்குப் பின்னரும் கோயிலுக்கு அமைதி வாய்க்கவில்லை. உயர்ந்த மதில்களைக் கண்ட படைத்தலைவர்கள் அதனைக் கோட்டையாகவே கருதினர். 1781ஆம் ஆண்டு சூனில் ஐதரின் வீரர்கள் உள்ளிருந்து காக்க, அயர் கூட்டு வெளியிலிருந்து தாக்கினார். வாயிலைக் கடக்க இயலாமல் பின்வாங்கினார். பரங்கிப்பேட்டைப் போர் நிகழ்ந்தது அதன் பின்னரே.

தமிழுக்கு இக்கோயில் செய்த பேருதவி ஒன்றைத் திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. மூவர் பாடிய தேவார ஏடுகள் இருக்குமிடம் தெரியாது மறைந்திருந்தன. அவை தில்லைக் கோயிலின் ஓர் அறையில் மூவரின் கைச்சாத்துடன் பூட்டப்பட்டுள்ளன என நம்பியாண்டார் நம்பி அறிவித்தார். மூவரும் வந்தாலன்றித் திறவோம் எனக் கோயிலார் மறுத்தனர். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் அழைத்து வரச்செய்து, இதோ மூவரும் வந்துள்ளனர் எனக் காட்டினான். அறை திறக்கப்பட்டபோது ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, அழிந்தவை போக எஞ்சியவற்றை எடுத்தனர். அம்மன்னன் முதலாம் இராசராசனே என்பது பெரும்பாலோர் கருத்து. சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியதும் இங்குள்ள ஆயிரக்கால் மண்டபத்திலேயே என்பர்.

மேற்கே காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகள், அவ்வூர்க் கோயிலில் யாத்திரிகர் சிலர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு, ஆயிரத்துள் இப்பத்து என்னும் குறிப்பால் ஏனையவற்றையும் தேடிப் புறப்பட்டு நாலாயிரம் பாசுரங்களையும் தொகுத்தார் என்பது வைணவ மரபு. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் மீட்கப்பட்ட வரலாறுகள் இரண்டும், ஒரு பகற்பொழுதில் நடந்து கடக்கத்தக்க தொலைவிலுள்ள இரண்டு ஊர்களைச் சேர்ந்தவை. தில்லைக் கோயிலினுள்ளேயே கோவிந்தராசப் பெருமாளும் பள்ளிகொண்டுள்ளார். ஓரிடத்தில் நின்று இரு திருமுன்களையும் காணலாம்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்துள்ளது வீராணம் ஏரி. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் விருதுப்பெயர். அதனால் வீரநாராயணப் பேரேரி எனப்பட்டது. பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன், வடபுல எல்லையைக் காக்கப் படையுடன் தங்கியிருந்த நாளில், போரின்றி இருந்த வீரர்களைக் கொண்டு இதனை வெட்டினான் என்று கூறுவர். அவன் 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே மாண்டான். போர் அவனைக் கொண்டது; ஏரி நின்றது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் கரை, கொள்ளிடத்திலிருந்து வடவாற்றின் வழியே வரும் நீரைத் தேக்குகின்றது. 2004ஆம் ஆண்டு முதல் இந்நீர் குழாய்கள் வழியே சென்னை மாநகருக்கும் குடிநீராகச் செல்கின்றது. கல்கியின் பொன்னியின் செல்வன் இவ்வேரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குவதால், அக்கதையைப் படித்தவர் பலர் இதனைத் தேடி வருகின்றனர். ஏரி நிறைந்திருக்கும் காலம் அறிந்து வருதல் நலம்.

தில்லை என்னும் ஊர்ப்பெயர் ஒரு மரத்தின் பெயர். ஆனால் தில்லை நகரில் எங்குத் தேடினும் தில்லை மரக்காடு இல்லை. அதனைக் காண விரும்புவோர், நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, கிள்ளையைக் கடந்து, பிச்சாவரத்தை அடைதல் வேண்டும். கடல்நீர் ஏறியிறங்கும் உவர்ச்சேற்றில் வளர்வது அம்மரம். அதன் பெயரால் ஊர் அமைந்ததனின், ஒரு காலத்தில் உப்பங்கழியும் காடும் நகருக்கு இன்னும் அண்மையில் இருந்தன என ஊகிக்கலாம்.

வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் நடுவே, சிறுசிறு தீவுகளாகவும் அவற்றினிடையே பின்னிக் கிடக்கும் நீர்வழிகளாகவும் இக்காடு பரந்துள்ளது. அகன்ற கால்வாய்களில் விசைப்படகு செல்லும். கிளைகள் கூரைபோற் கவிந்த குறுகிய வழிகளில் துடுப்புப் படகு மட்டுமே நுழையும். துடுப்புப் படகே சிறந்தது; எந்திர ஓசையில் பறவைகள் அகன்றுவிடும். கார்த்திகை முதல் தை வரை வெளிநாட்டுப் பறவைகளும் வந்து தங்கும்.

உப்பு நீரில் மரம் எவ்வாறு வாழ்கின்றது? சுரபுன்னை, தண்டிலிருந்து வளைந்து இறங்கும் பல கால்களால் சேற்றில் ஊன்றி நிற்கின்றது. வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடிகட்டி விடுகின்றது. வெண்கண்டலோ உப்பை உறிஞ்சி இலைவழியே வெளியேற்றும். அதன் இலையை நாவில் வைத்தால் கரிக்கும். சேற்றில் காற்று இல்லாமையால், அதன் வேர்கள் ஆணிகள் போல மேல்நோக்கி முளைத்து மூச்சு விடுகின்றன. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட பச்சை ஈட்டிபோல் தொங்கி, முதிர்ந்ததும் சேற்றில் வீழ்ந்து ஊன்றிக்கொள்ளும். நீரில் வீழ்ந்தால் மிதந்து சென்று வேறிடத்தில் வேரூன்றும். தில்லை மரத்தை எளிதில் அடையாளம் காணலாம். உதிரும் முன் அதன் இலைகள் செந்நிறம் பெறும். அதன் பால் மேனியில் பட்டால் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டால் பார்வையே சிறிது காலம் மறையும். ஆதலின் படகோட்டிகள் அதன் கிளையை ஒடிக்க எவரையும் விடுவதில்லை.

இக்காடு ஒருமுறை அழிவின் விளிம்பு வரை சென்று மீண்டது. ஆங்கிலேயர் காலம் முதலாக, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியையும் முழுமையாக வெட்டினர். வெட்டிய இடம் தானே மீண்டும் தழைக்கும் என எதிர்பார்த்தனர், தழைக்கவில்லை. நெடுநாள் வரை, மாடுகள் மேய்வதும் மக்கள் விறகு வெட்டுவதுமே காரணம் எனச் சுற்றுப்புறத்து ஏழை மக்கள்மேல் பழி சுமத்தப்பட்டது. உண்மைக் காரணம் வேறு. மரம் நீங்கிய சேறு வெயிலில் உலர்ந்து அமிழ்ந்து, நிலம் தட்டுப்போல் குழிந்தது. பெருக்கின்போது குழிக்குள் வந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற வழியில்லை. தேங்கிய நீர் வெயிலில் வற்ற, உப்பு மட்டும் மிஞ்சி ஆண்டுதோறும் பெருகிற்று. உவர்நிலத்து மரங்களும் தாங்க இயலாத உப்பு அது.

காரணம் விளங்கியதும் மருந்தும் விளங்கிற்று. 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் சுற்றியுள்ள ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு, பாழ்பட்ட இடங்களில் கால்வாய்கள் வெட்டின. நடுவே ஒரு பெருங்கால்வாய். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு கால்வாய்கள். மேலிருந்து நோக்கினால் மீன்முள்ளின் தோற்றம். இவற்றின் வழியே கடல்நீர் நாள்தோறும் வந்து வந்து போக, தேங்கிய உப்புக் கரைந்து நீங்கியது. கரைச்சரிவுகளில் நாற்றுகள் நடப்பட்டன. வெற்றிடங்கள் சில ஆண்டுகளில் பசுமையுற்றன. முன்னர்ப் பழி சுமந்த மக்களே காவலராயினர்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது மாவட்டத்தில் பல நூறு உயிர்கள் மாண்டன. பின்னர் ஆய்வாளர்கள் இக்கரையோரச் சிற்றூர்களை ஒப்பிட்டு நோக்கி, அடர்ந்த மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என 2005ஆம் ஆண்டில் எழுதினர். ஊர் இருக்கும் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவும்கூடக் காரணமாகலாம் என வேறு சிலர் மறுமொழி கூறினர். அறிஞர் வாதம் எவ்வாறாயினும், காட்டின் பின்னே குடியிருந்த மீனவர்க்கு இதில் ஐயம் எழவில்லை. 2022ஆம் ஆண்டில் பிச்சாவரம், இராம்சர் உடன்பாட்டின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,479 ஹெக்டேர்.

நீர்வழிகளில் செல்வோர், மார்பளவு நீரில் நின்று சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடியினரைக் காண்பர். அவர்களிடம் வலையில்லை, கைவிரல்களின் அறிவே கருவி. மரவேர்களின் இடுக்கில் இறாலும் நண்டும் வளர்வதால், காடு தழைத்தால் அவர்கள் கூடை நிறையும். வெட்டிய கால்வாய்கள் வண்டலால் தூர்ந்துவிடும் இயல்புடையவை. தூர் எடுக்கும் வேலை விடாது நடைபெறவேண்டும். அவ்வேலைக்கு மண்வெட்டியுடன் சேற்றில் இறங்குவோரும் பெரும்பாலும் அச்சிற்றூர்களின் மக்களே.